ஆறாவது புகார்

"மறுபடியும் அந்த அம்மாவா?"

புகார்த் தாளைப் பார்த்ததுமே நகராட்சிக் கட்டட ஆய்வாளன் டீனுக்குக் காபி கசந்தது.

வெர்னா லுட்கே. மேப்பிள் தெரு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆறு வாரத்தில் இது ஆறாவது புகார். எல்லாமே பக்கத்து வீட்டு கேரி மேல்தான்.

கேரியின் கொல்லையில் அனுமதியில்லாமல் ஒரு குட்டி வீடு இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். அது வேலிக்கு ஐந்தடி தள்ளி இல்லை, மூன்றடிதான் என்று அடுத்த வாரம். பிறகு, உள்ளே அடுப்பு இருக்கிறது. பிறகு, குளியலறை இருக்கிறது. அப்புறம், ஆட்கள் குடியிருக்கிறார்கள். இப்போது, "கூரை உயரம் சந்தேகமாக இருக்கிறது. அளக்கவும்."

அந்தப் பகுதி முழுக்க ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மனைக்கு ஒரே வீடு என்ற பழைய விதி போய், இரட்டை வீடு, நாலு குடித்தனம், கொல்லை வீடு என்று எல்லாம் கலந்து கட்டலாம் என்று புது விதி வரப்போகிறது. நகராட்சி மேல்மாடியில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து அதை எழுதினார்கள். டீன் அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவன். புது விதி வரும்வரை இடிக்கச் சொல்லி உத்தரவு போடக் கூடாது. ஆனால் புகார் வந்தால் போயே ஆக வேண்டும். அளந்து, படம் எடுத்து, தேதி போட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

போனான்.

"யோவ், உனக்கு வேற வேலையே இல்லையா?" கேரி வாசலிலேயே கத்தினான். "அந்தக் கிழவி தும்மினா ஓடி வந்துடுவியா?"

"புகார் வந்தா நான் வந்துதான் ஆகணும், கேரி. எனக்கு மட்டும் ஆசையா?"

"பதினோரு வருஷம் முன்னாடி என் வாசல்ல குவிஞ்ச பனியை மிஷினால தள்ளினப்ப, அது அவ வாசல்ல விழுந்துச்சாம். அதுக்கு இன்னிக்குப் பழி வாங்கறா!"

கொல்லை வீட்டு வாசலில் கேரியின் மகள் ட்ரிஷா நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. கணவன் விட்டுப் போனபின் இங்கே வந்தவள். அப்பாவே தன் கையால் கட்டிக்கொடுத்த வீடு.

"சார், எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?"

டீன் ஏணியைச் சாய்த்தான். கூரை பதினாலே கால் அடி. எழுதிக்கொண்டான். குனிந்தபடியே வெளியே வந்தவன், நேராகப் போய் வெர்னாவின் கதவைத் தட்டினான்.

"மேடம், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"கூரையை அளந்தீங்களா?"

"ரெண்டு சின்னப் பிள்ளைங்க மேடம்! அவங்க எங்க போவாங்க?"

"பிள்ளைங்க படத்துல விழுந்திருக்காங்களா? குடியிருக்காங்கன்னு எழுதினீங்களா?"

"எழுதினேன்! போதுமா?"

"தேதி?"

டீன் படியிறங்கிவிட்டான். இன்னும் ஒரு வார்த்தை நின்று பேசியிருந்தால் வேலை போகிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பான்.

ஜூன் மாதம் புது விதி நிறைவேறியது. அடுத்த திங்கட்கிழமை அலுவலக வாசல் வரை வரிசை நின்றது. புது அளவுக்குப் பொருந்தாத கொல்லை வீடுகள் அப்படியே இருக்கலாம். ஆனால் ஜூனுக்கு முன்பே அதில் ஆள் குடியிருந்ததற்கு நகராட்சிப் பதிவில் சான்று இருக்க வேண்டும். இல்லையென்றால் இடிக்க வேண்டும். திருட்டுத்தனமாகக் கட்டியவர்கள் சான்றுக்கு எங்கே போவார்கள்? பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வரிசையில் கேரியும் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இப்போது கத்தவில்லை.

"எங்கிட்ட ஒரு காகிதமும் இல்லைங்க. தபால், கரண்ட் எல்லாமே முன்வீட்டுப் பேர்லதான். வேலியிலேர்ந்து மூணடிதான் இருக்கு. இடிக்கணும்னா பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கறவரைக்குமாவது..."

டீன் கேரி வீட்டுக் கோப்பைத் திறந்தான். ஒவ்வொரு தாளாகப் புரட்டினான்.

ஆறு பதிவு. அடுப்பு, குளியலறை, உயரம், வேலித் தூரம், குடியிருக்கும் ஆட்கள். எல்லாவற்றுக்கும் படம், தேதி, அவனுடைய கையெழுத்து. கடைசித் தேதி மே இருபத்தெட்டு.

அந்த ஊரில் எந்தக் கொல்லை வீட்டுக்கும் இவ்வளவு பக்காவான சான்று இல்லை.

"இடிக்க வேண்டாம்," என்றான். "நீங்க போகலாம்."

அன்று மாலையே மேப்பிள் தெருவுக்குப் போனான். வெர்னா தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்த விதியோட வரைவைப் படிச்சீங்களா?"

"நூத்தியெண்பது பக்கம். ஒண்ணுவிடாம."

"அப்ப நேரா கேரிகிட்டயே சொல்லியிருக்கலாமே? அவரே வந்து பதிவு பண்ணியிருப்பாரே?"

"நான் சொல்லி அவன் கேட்கிறதா? நகராட்சிக்காரன் காலை உள்ள வைக்க விடமாட்டேன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். புகார் குடுத்தாத்தானே நீங்க உள்ள போக முடியும்?"

வெர்னா குழாயை மூடினாள்.

"அவன் வீட்டுக்கு அனுமதிக் கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு, மேடம்."

"சரி, என் புகாரையெல்லாம் முடிச்சு வெச்சிடுங்க. அப்புறம், கேரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. என்னாலதான் தப்பிச்சுதுன்னு தெரிஞ்சா, அந்த வீட்டை அவனே இடிச்சுடுவான்!"