எலக்ட்ரிக்கல் ஒத்து வருமா?

“அடுத்தது நீங்கதானா? உக்காருங்க தம்பி. என்ன பிரிவு?” என்றார் முத்துக்கருப்பன் சார்.

“எலக்ட்ரிக்கல் சார்.” கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம். ‘உங்களுக்கு ஏற்ற பொறியியல் பிரிவு எது? இலவச ஆலோசனை’ என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. மின்வெட்டு நேரம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சார், கல்லூரி விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

“டிப்ளமா முடிச்சிட்டு நேரா ரெண்டாம் வருசம் சேர வந்திருக்கீக. அப்படித்தான?”

நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்த படிவத்தில் டிக் அடித்துவிட்டார். முகத்தில் வயது தெரிந்திருக்க வேண்டும்.

“இது நமக்கு ஒத்து வருமா வராதான்னு சந்தேகம். அதான?”

இதை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. “ரொம்ப நாளாவே இருக்கு சார்.”

“பெறகு எதுக்கு இந்தப் பிரிவை எடுத்தீக?”

“எனக்கு முன்னால வரிசையில நின்னவன் கம்ப்யூட்டரை எடுத்துட்டான். மிச்சம் இருந்தது இதுதான். அவன் இப்ப அமெரிக்காவுல கோட்டு போட்டு போட்டோ அனுப்புறான்.”

“கரண்டுன்னா பயமா?”

“வெளிய மரியாதைன்னு சொல்லிக்கிறது. பயம்தான் சார்.”

சார் சிரித்தார். “ஏதாச்சும் வேலை பாத்திருக்கீகளா?”

“சொந்தக்காரர் அச்சாபீஸ்ல ஒரு மோட்டாருக்கு லைன் குடுத்தேன். பின்னாடி ஓடுச்சு. காலண்டர் சீசன் வேற. அம்புட்டுப் பேரும் வேலையப் போட்டுட்டு வந்து வேடிக்கை பாத்தாக.”

“ரெண்டு வயரை மாத்திப் போட்டாச் சரியாயிருமே.”

“போட்டேன் சார். பீஸ் போயிருச்சு.”

“அது போகட்டும். பட்டாசுக் கம்பெனி எம்புட்டு இருக்கு இங்கன. அங்க பாக்கலாம்ல?”

“மருந்து ரூம்ல கரண்டே கூடாது, பகல் வெளிச்சத்துலதான் வேலைங்கிறாக. ஊருக்கே சோறு போடுற தொழில். எலக்ட்ரிக்கல்காரன வாசலோட நிறுத்திருவாக. அதுவும் நல்லதுக்குத்தான்.”

சாரின் செல்போன் அடித்தது. “ஆள் கிளம்பிட்டாரு, கிளம்பிட்டாருன்னு எம்புட்டு நேரமாச் சொல்லுவீக? புள்ளைக எல்லாம் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கு” என்று இரைந்துவிட்டு வைத்தார். என்னைப் பார்த்து, “ஒருத்தனுக்கும் பொறுப்பு கிடையாது தம்பி” என்றார்.

“ஆமா சார்” என்றேன்.

“சரி, வீட்டுல என்ன சொல்றாக?”

“வீட்டுல பீஸ் போனா என் மனைவிதான் போடுவா. நீங்க தள்ளி நின்னு டார்ச்சை மட்டும் பிடிங்கன்னுருவா.”

“அட, கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆச்சு சார். முடிஞ்சும் போச்சு. போன ஐப்பசியில தவறிட்டா.”

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. எனக்கு இந்த மௌனங்கள் பழக்கம். ஏதாவது சொல்லி ஆளைச் சிரிக்க வைத்துவிட வேண்டும்.

“அதுலருந்து வீட்டு முன்கூடத்துல லைட்டு எரியல. யாராச்சும் விவரம் தெரிஞ்ச ஆளாக் கூப்பிட்டுக் காட்டணும்.”

அவர் சிரிக்கவில்லை. விளம்பரத் தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

“தம்பி, ஒளிவுமறைவில்லாமச் சொல்லுதேன். இது உங்களுக்கு ஆகாது. மனசை எங்கயோ விட்டுட்டு வந்தவன் கரண்டு பக்கத்துல நிக்கக் கூடாது. கை வைக்கக் கூடாத இடத்துல என்னைக்காச்சும் கை வச்சிருவீக.”

கட்டுப் போட்டிருந்த விரலை மேசைக்கடியில் மடக்கிக்கொண்டேன். ஷாக் அடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அப்போதுகூடப் பதறவில்லை. அடடே, லைனில் கரண்டு இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

“இன்னைக்கே விட்டுருங்க” என்றார். “ஒரு கடையில போயி நின்னாலும் பரவாயில்ல. ஆளு முழுசா இருக்கணும்ல?”

வீட்டிலும் வெளியிலும் எல்லாரும் தைரியமாக இரு என்றுதான் சொல்லியிருந்தார்கள். விட்டுவிடு என்று சொன்னது இவர் ஒருவர்தான். அதுவும் இலவசமாக.

“விட்டுர்றேன் சார்” என்று எழுந்தேன். உடம்பு லேசாக இருந்தது.

“நல்லாருங்க. போறப்ப ஒரு உதவி. ஜெனரேட்டர் ஓடலைன்னு கம்பெனிக்குச் சொல்லி எம்புட்டோ நேரமாச்சு. இன்ஜினியர்னு ஒருத்தன் வரணும். வாசல்ல நின்னான்னா உள்ள அனுப்புங்க, நாலு கேள்வி கேக்கணும்.”

நான் கதவருகில் நின்று திரும்பினேன்.

“அவன் இப்பத்தான் வேலைய விட்டான் சார்.”