கோட்டைத் தாண்டிய சிவப்பு

“தையல் போட்ட எடம் எப்படி இருக்குன்னு கேட்டேன். உங்கம்மா எவ்வளவு கெட்டிக்காரின்னு கேக்கல” என்றார் ஆஸ்பத்திரி உதவி எண்ணில் இருந்த தலைமை நர்ஸ். வார்டில் கால்கடுக்க நிற்க வேண்டாமென்று இந்த வாரம் அவருக்கு வீட்டிலிருந்தே போன் டூட்டிதான்.

மறுமுனையில் ஒரு சின்னப் பெண். வாயைத் துணியால் பொத்திக்கொண்டதுபோல் குரல் அமுங்கிக் கேட்டது.

“பயமா இருக்கு மேடம். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு எட்டு நாளாச்சு. நல்லா ஆறிக்கிட்டுதான் இருந்துச்சு. இப்போ பிளாஸ்டரைச் சுத்திச் செவந்து கெடக்கு. தொட்டா சுடுது.”

“செவப்பு பரவுதா?”

“நேத்து அம்மா தூங்கறப்போ அதோட ஓரத்துல பேனாவால கோடு போட்டு வச்சேன். இன்னைக்கு ரெண்டு விரல் தாண்டிருச்சு. மஞ்சளா கசியுது, நாத்தம் வேற.”

“காய்ச்சல்?”

“கேட்டா, ‘வெறும் அசதிடி’ங்கறாங்க. மாத்திரையைப் போட்டுட்டு வேலை பாக்கறாங்க.”

“ஆகா! உங்கம்மா எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்களாம்?” நர்ஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மின்விசிறியை நிறுத்தியும் குளிர் விடவில்லை. “உள்ள சீழ் பிடிச்சிருக்கும்மா. இப்பவே வந்தா ரெண்டு தையலைப் பிரிச்சு, சீழை வெளியேத்தி, ஊசி மருந்து போட்டுச் சரி பண்ணிடலாம். ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து.”

மறுமுனையில் விசும்பல். “சொன்னா கேக்கவே மாட்டாங்க மேடம். ‘எனக்குத் தெரியாததா’ன்னு எரிஞ்சு விழுவாங்க.”

“இந்த மாதிரி மேதாவிங்களாலதான் எங்க தலை நரைக்குது! நீ கெஞ்சிக்கிட்டு நிக்காத. கையக் காலக் கட்டியாவது தூக்கிட்டு வா. வண்டி இருக்கா?”

“டாக்சி சொல்லிட்டேன் மேடம். வாசலுக்கு வந்துருச்சு.”

“சமத்து! உங்கம்மாவுக்கு இல்லாத புத்தி உனக்காவது இருக்கே.”

வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. போனுக்குள்ளும் அதே ஹாரன்.

நர்ஸின் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போனது. சட்டென்று பக்கத்து அறைக் கதவு திறந்தது. வாயைப் பொத்தியிருந்த துண்டு கழுத்தில் தொங்க, மகள் நின்றாள். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

“கையக் காலக் கட்டணுமா, இல்ல நீயே நடந்து வர்றியாம்மா?”