முதலை வரும் நேரம்

செத்துப்போன மனுஷரின் குரல் கடற்கரைப் பொம்மலாட்டத்தின் கோடுபோட்ட துணிக்கூண்டுக்குள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று வந்துகொண்டிருந்தது. நகரசபை ஊழியன் கிளைவ் மணலில் நின்று கேட்டான். பொம்மலாட்டக்காரரைப் புரொபசர் என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்; புரொபசர் வில்பிரட் ஹாக்கடேயை அடக்கம் செய்து இன்றோடு மூன்று வாரம்.

மணலில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே வளைமூக்கன் பொம்மை தடியைச் சுழற்றி, போலீஸ்காரப் பொம்மையின் மண்டையில் ஒன்று போட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டேப்தான் என்று கிளைவ் முடிவு கட்டினான். பழைய ஆட்டத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, அவர் விதவை டோரீன் உள்ளேயிருந்து பொம்மையை மட்டும் அசைக்கிறாள். நகரசபைக்காரன் காதில் அவ்வளவு சுலபமாகப் பூச்சுற்றிவிட முடியுமா என்ன.

அவன் கோட்டுப் பையில் நோட்டீஸ் இருந்தது. இருபது கோடை தொடர்ந்து பொம்மை ஆட்டியவருக்கே கடற்கரையில் அந்த இடம். அவர் காலமானால் இடம் நகரசபைக்குத் திரும்பிவிடும். நாளைக் காலையில் அங்கே காற்றடைத்த சறுக்குமேடை வந்து இறங்கப் போகிறது. டோரீனுக்கு வேறு பிழைப்பு கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், அதனால்தான் அந்தக் காகிதம் காலையிலிருந்து பையிலேயே கிடந்து கசங்கிக்கொண்டிருந்தது.

கூண்டின் பின்பக்கம் போக அடியெடுத்து வைத்தான். பிள்ளைகளுக்குக் கழுதைச் சவாரி விடும் பெகி, வசூல் தொப்பியும் கையுமாகக் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆட்டம் நடக்குறப்போ பின்னாடி யாரும் போகக் கூடாது. இந்த ஊர்ல பொறந்தவன்தானே நீ?"

"நான் ஆட்டம் பாக்க வரல, பெகி."

"பின்ன எதுக்குக் கண்ணுல தண்ணி?"

"காத்துல மண்ணு விழுந்திருச்சு."

அது மண் இல்லை. மேலே முதலை சாசேஜ் மாலையைக் கவ்விக்கொண்டு எழும்பியிருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே முதலையைப் பார்த்து ஐந்து வயதில் அவன் வீறிட்டு அழுதிருக்கிறான். அன்று வில்பிரட்தான் அவனை அள்ளித் தோளில் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு, கூண்டின் விளிம்புவரை கொண்டுபோனார். கோட்டில் குழாய்ப் புகையிலை வாசனை. முதலை மெல்லக் குனிந்து அவன் இடது காதைக் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல் ஒரு கவ்வு கவ்விவிட்டது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அதற்குப் பிறகு அவன் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷரின் பெயரை வைத்து ஏமாற்றுவதா? கோபம் வந்தது. பெகியை ஒதுக்கிவிட்டுப் போய்ப் பின்துணியைத் தூக்கினான்.

டேப் ரிக்கார்டர் இல்லை. மீன்பெட்டியின் மேல் ஏறி நின்றிருந்தாள் டோரீன். இரண்டு கைகளும் தலைக்குமேல், கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வில்பிரட்டின் குரல் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவனைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. முதலையை விரட்டி, வளைமூக்கனைக் கும்பிடு போடவைத்து, கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் இறங்கினாள். வாய்க்குள்ளிருந்து, அந்தக் கீச்சுக்குரலை எழுப்பும் ஈரமான சின்னத் தகர ஊதியை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள்.

"டேப்புன்னு நெனச்சியா கண்ணு?"

"மூணு வாரத்துலயா கத்துக்கிட்டீங்க? புதுசா இதை வாயில வெக்கிறவங்க முழுங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க."

"ஓடியிருக்கேன். ரெண்டு தடவை."

"நல்லாத்தான் பண்றீங்க மிஸஸ் ஹாக்கடே, இல்லேங்கல. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. இருபது வருஷம் ஆட்டினவருக்குத்தான் இடம். நீங்க உள்ள நின்னு பொம்மை எடுத்துக் குடுத்தவங்க. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு வேற என்னல்லாம் தெரியும்?"

"கூண்டுக்கு மேல பலகையில யாரு பேரு இருக்குன்னு தெரியும். இது ஆம்பளைங்க தொழில். அந்தக் காலத்துல எந்தப் பொம்பளைக்கு இந்த மணல்ல இடம் குடுத்தாங்க?"

"ஒருத்திக்கும் குடுக்கல," என்றாள் டோரீன்.

கிளைவ் நோட்டீஸை நீட்டினான். அவள் வாங்கவில்லை. கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றான். "அவரை எனக்கு நல்லாத் தெரியும். சின்ன வயசுல பயந்து அழுதப்போ தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டவரு. முதலை போற வரைக்கும் கீழ எறக்கவே இல்ல. அவர் எடத்துல இன்னொருத்தர் நின்னு ஆட்டுறதை என்னால ஒத்துக்க முடியாது."

டோரீன் அவனையே பார்த்தாள். பிறகு கொக்கியில் தொங்கிய முதலையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். பெயின்ட் உதிர்ந்த அந்த வாய் மெல்ல வந்து, அவன் இடது காதை ஒரு கவ்வு கவ்விவிட்டது.

நோட்டீஸ் அவன் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

"வில்பிரட் ரெண்டு கையாலயும் உன் காலைப் பிடிச்சிருந்தாரு," என்றாள் டோரீன். "அப்ப முதலை யாரு கையில இருந்துச்சு, கண்ணு?"