மூன்றாவது புகார்

“மறுபடியும் எழுதிப் போட்டுட்டாங்க!”

கணவன் கைபேசியை நீட்டினான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் வாங்கிப் படித்தாள்.

‘மேல் அறையில் இரவு முழுவதும் குழந்தை அழுகிறது. தூங்க முடியவில்லை.’

கீழ்வீட்டுக்காரியின் மூன்றாவது புகார். நாளைக் காலை விடுதி அலுவலகத்துக்கு வரவும் என்று கீழே ஒரு வரி.

“கைக்குழந்தை அழாம, பின்ன பாட்டா பாடும்?” என்று சீறினாள்.

“மெதுவாப் பேசு. இப்பதான் கண் அசந்தா.”

படிக்க வந்த நாட்டில், குடும்பத்தோடு வரும் மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் நடத்தும் விடுதி அது. அவள் வகுப்புக்குப் போகும்போது அவன் குழந்தையைப் பார்த்துக்கொள்வான். அவள் திரும்பியதும் அவன் கிடங்கு வேலைக்கு ஓடுவான். இருந்த ஒரே அறையின் சுவர் முழுக்க ஈரம், கறுப்புப் பூஞ்சை. குழந்தை இருமும், மூச்சு இழுக்கும், விழித்து அழும். அறையை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் எழுதாத வாரமில்லை. ‘உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது’ என்று பதில் மட்டும் தவறாமல் வரும்.

“மூணு புகார் வந்தா வெளியேத்திடுவாங்களாம்” என்றான் அவன்.

“வெளியில யார் நமக்கு இடம் கொடுப்பா? குழந்தைன்னு சொன்னாலே போனை வெச்சிடறாங்க. அப்புறம் என் படிப்பை மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.”

“கீழ இருக்கறவங்களும் ஆராய்ச்சி மாணவிதானே. தூக்கம் வேணாமா?”

“எனக்கு மட்டும் தூக்கம் கொட்டிக் கிடக்கா? வேத்து மனுஷங்க சொன்னாக்கூட ஆறும். நம்ம பாஷை பேசறவ! அன்னிக்கு நம்ம கொடியிலேர்ந்து விழுந்த துண்டைக் கொடுக்க வந்தாளே, அப்பவே பார்த்தேன். சுவரை ஒரு பார்வை, பாப்பாவை ஒரு பார்வை. வாயத் திறந்து ஒரு வார்த்தை இல்ல. மறுநாளே முதல் புகார்!”

*

விடுதி அலுவலர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“மூணு புகார் ஆயிடுச்சு. விதிப்படி நீங்க இனி அந்த அறையில இருக்க முடியாது.”

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள்.

“மேடம், பரீட்சை முடியற வரைக்குமாவது…”

“முழுசாக் கேளுங்க. கடைசிக் கட்டடத்துல ஒரு வீடு காலியா இருக்கு. பக்கத்துல யாரும் இல்ல. கீழ சைக்கிள் நிறுத்தற இடம். குழந்தை எவ்வளவு அழுதாலும் யாருக்கும் தொந்தரவு இல்ல. ரெண்டு ஜன்னல், நல்லா வெயில் வரும். இன்னிக்கே மாறிக்கோங்க.”

சாவி மேசைமேல் வந்து விழுந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

“இதைத்தானே நான் வந்த நாளாக் கேக்கறேன்? குழந்தைக்கு ஈரம் ஆகாதுன்னு டாக்டர் எழுதினதைக்கூட அனுப்பினேனே!”

“அது கோரிக்கை. அதுக்கு வரிசை உண்டு. இது புகார். மூணாவது வந்துட்டா மேலிடத்துக்குப் போயிடும். நாங்க உடனே ஏதாவது செஞ்சே ஆகணும்.”

“அப்போ, என் குழந்தை மூச்சுத் திணறினா வரிசை. அதனால அடுத்தவங்க தூக்கம் கெட்டா அவசரம். அப்படித்தானே?”

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார் அலுவலர்.

*

சாமான்களை இறக்கும்போதே கணவன் கெஞ்சினான்.

“நல்ல வீடு கிடைச்சிருக்கு, அதைப் பாரு. போற வழியில அவங்ககிட்ட வாய் கொடுக்காத.”

“ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

“உன் ஒரு வார்த்தை எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?”

கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. குளித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள் அந்தப் பெண். இவள் துணிப்பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டாள்.

“நல்லாத் தூங்குங்க! நாங்க போறோம். மேல ஒரு பச்சைக் குழந்தை மூச்சு விட முடியாம அழுதுதே, என்ன ஏதுன்னு ஒரு எட்டு வந்து கேட்டீங்களா? அதுக்கு மனசு வரல, புகார் எழுத மட்டும் கை வந்துதாக்கும்! நீங்களும் ஒரு பொண்ணுதானே? ஒரு தாயோட பயம் உங்களுக்கு…”



அந்தப் பெண் இவள் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டிவிட்டு அவசரமாக உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலையில் துண்டு இல்லை. ஈர முடியை ஒதுக்கி, சின்னதாக எதையோ காதில் பொருத்திக்கொண்டே வந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க, நீங்க பேசினது ஒண்ணும் கேக்கல. குளிக்கறப்பவும் தூங்கறப்பவும் இந்தக் காது மிஷினைக் கழட்டி வெச்சிடுவேன். இது இல்லாட்டி இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.”

கீழே கிடந்த பெட்டியை அப்போதுதான் கவனித்தாள். முகம் முழுக்க மலர்ந்தது.

“அப்பாடா, வீடு மாத்திக் கொடுத்துட்டாங்களா? அங்கயாவது சுவரு காஞ்சிருக்கா?”