எருமைக்குக் கட்டம் இல்ல

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் தம்பி. காலையில ஏரிக்குப் போறப்ப ஒண்ணு, சாயங்காலம் திரும்புறப்ப ஒண்ணு"ன்னுச்சு மோழைங்கிற கொம்பில்லாத எருமை.

கேட்டது, கம்பத்துல புதுசா மாட்டுன கேமரா. ரோட்டோரம் எண்ணூறு வீடு வருதாம். போற வர்ற வண்டியை எண்ணி, கம்ப்யூட்டருக்குள்ள ஓடவிட்டுப் பாத்துதான் ரோட்டு நடுவுல தடுப்புச் சுவர் கட்டுறதையும், அதுல எங்க வழி விடுறதுங்கிறதையும் முடிவு பண்ணுவாங்களாம்.

"பைக், கார், லாரி, பஸ்ஸுக்கெல்லாம் எண்ணிப் போட கட்டம் இருக்கு. எருமைக்கு இல்லையேக்கா. கணக்குல வரலன்னா உங்க வழியை அடைச்சிருவாங்க."

மோழை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்துச்சு. ஏரிக்கு வேற வழியே கிடையாது. ஒத்தை பஸ் ஓடுன காலத்துல, டிரைவர் இஞ்சினை அணைச்சுட்டு பீடி பத்தவைப்பாரு. கடைசிக் கன்னுக்குட்டி தாண்டுற வரைக்கும் பஸ்ஸே காத்துக் கிடக்கும். அப்ப யாரும் எண்ணல.

"லாரின்னு போட்டுரவாக்கா?"

"லாரி தனியா போகும். நாங்க பதினோரு பேர் சேந்து போறோம், நெனச்ச இடத்துல நிக்கிறோம், எவன் ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டோம். பஸ்ஸுன்னே போடு."

கேமரா யோசிக்கிறதுக்குள்ள, "ஏ மோழை, வா!"ன்னு மேய்க்கிற பேச்சிமுத்து கூப்பிட்டான். மோழை ரோட்டுல இறங்கி, கேமராவுக்கு நல்லாத் தெரியுற மாதிரி, வழக்கத்தைவிட மெதுவா நடந்து போச்சு.