பாதிச் சூரியன்

மலையுச்சி ஆய்வகத்தில், தொலைநோக்கி வழியே வெள்ளைத்தாளில் விழும் சூரியனை, அதன் கரும்புள்ளிகளோடு, தினமும் யாராவது ஒருவர் பென்சிலால் வரைந்து வைப்பது வழக்கம். அப்படி எண்பது வருடத் தாள்கள். அவற்றிலுள்ள புள்ளிகளின் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த மரகதத்துக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை பேர் கைபட்ட கணக்கை நம்பி எப்படி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது?

அன்று கைக்கு வந்த தாளில் பாதி வட்டம்தான் இருந்தது. ஐந்து புள்ளிகள், அதற்குமேல் கோடு நின்றுவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்து: "மேகம் மூடிவிட்டது. மாலைவரை காத்திருந்தேன். மீதியைப் பார்க்கவில்லை." கையெழுத்து இல்லை. பென்சில் கரி படிந்த கட்டைவிரல் ரேகை மட்டும்.

"முந்தின நாள் தாளப் பாத்து மீதியப் போட்டுடுங்க மேடம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து மேசை இருதயராஜ். "இல்லன்னா அந்தப் பாதிக்கு சைபர்னு அடிங்க. காலியா விட்டா மெஷின் ஏத்துக்காது."

மரகதம் சைபர் அடித்தாள். உடனே அழித்தாள்.

"சைபர்னா, பாத்தேன், ஒண்ணுமில்லன்னு அர்த்தம் சார். இவர் பாக்கலன்னுல்ல சொல்றார்."

கட்டத்தைக் காலியாகவே விட்டாள். திரை சிவப்பாக எச்சரித்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த மற்ற தாள்களைப் பார்த்தாள். அவற்றின் முழு வட்டங்களை முதல்முறையாக நம்பத் தோன்றியது. அந்த ரேகையின்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"ரொம்ப நன்றிங்க."

"யாருக்கு மேடம்?"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலும் பெயர் இல்லை.