பச்சை எரிந்த பிறகு

அந்த ஓட்டலில் நுழைந்ததும் நெற்றியில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். மூளை யோசிக்கும்போது அதில் மஞ்சள் விளக்கு எரியும், முடிவெடுத்ததும் பச்சை. பச்சைக்குப் பிறகும் சர்வர் பலகாரப் பட்டியலை ஒப்பித்தால் அவர் வேலை போகும்.

தணிகாசலம் உட்கார்ந்ததுமே பச்சை எரிந்தது. பதினைந்து வருடப் பழக்கத்தில் சர்வர் பரமகுரு இரண்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்தார்.

“என்ன இருக்குன்னு சொல்லவே இல்லையே?”

“பச்சை வந்துடுச்சு சார். இனி வாயைத் திறந்தா என்னை அனுப்பிடுவாங்க.”

“முழுசா கேட்டாத்தாங்க எனக்கு இட்லி இறங்கும்.”

தணிகாசலம் கண்ணை மூடி, மகளுக்கு வந்திருந்த இரண்டு வரன்களை நினைத்தார். மஞ்சள் எரிந்தது. பரமகுரு உற்சாகமாகத் தொடங்கினார்.

“பொங்கல், பூரி, கிச்சடி, ரவா தோசை, ஊத்தப்பம்…”

பச்சை எரிந்தது. பரமகுரு வாயை மூடிக்கொண்டார்.

“அது மாப்பிள்ளையை முடிவு பண்ணினதுக்கு,” என்றார் தணிகாசலம். “டிபனுக்கு இல்ல. ஊத்தப்பத்துல விட்டீங்க, மேல சொல்லுங்க.”